மாகாணியும் முந்திரியும்: கொங்கு நாட்டில் ஆறு நாள்

முதல் நாள், திங்கள், ஈரோடு

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு நிலம் என்றால் வேலி, மா, குழி என்ற மூன்று சொற்கள்தாம் முதலில் நாவில் வரும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இன்று காலை ஈரோடு ரயில் நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த ஆட்டோ ஓட்டுநர், தமக்கு இரண்டு ஏக்கர் காடும் ஐம்பது சென்ட் தோட்டமும் இருப்பதாகச் சொன்னார். காடு என்றதும் மரமடர்ந்த வனத்தை நினைத்துக்கொண்டேன். மழையை நம்பிய மேட்டு நிலம் இங்கே காடு, கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம் என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவரிடம் வேலிக் கணக்கைச் சொன்னபோது, "வேலின்னா முள்ளுவேலிங்களா?" என்று கேட்டார். காவிரி ஒன்றுதான், கரைகளின் கணக்குதான் வேறு.

பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கணிதம் எங்கும் ஒன்றே, அதை எழுதும் குறிகள் மட்டுமே நாட்டுக்கு நாடு மாறும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். பிரேசில் நாட்டு அறிஞர் உபிராத்தன் தாம்ப்ரோசியோ 1984இல் அடிலெய்டில் நடந்த கணிதக் கல்வி மாநாட்டில், ஒவ்வொரு சமூகமும் தன் தொழிலுக்கும் தேவைக்கும் ஏற்ப எண்ணவும் அளக்கவும் பங்கிடவும் வழி வகுத்துக்கொள்கிறது, அந்த வழிகளையும் கணிதம் என்றே கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். அந்த வாதத்தைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். எனக்கு அது முழுதும் உடன்பாடாகவும் இல்லை, முழுதும் மறுக்கத்தக்கதாகவும் இல்லை. சந்தையும் தறியும் நிறைந்த கொங்கு நாட்டில் ஒரு வாரம் சுற்றிவிட்டு முடிவு செய்வோம் என்றுதான் புறப்பட்டேன்.

மஞ்சள் ஏலம் பார்க்கும் எண்ணத்தோடு சென்றேன். விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் தனித்தனிக் குவியல்களாகக் கிடக்க, வியாபாரிகள் மாதிரியை உடைத்து உள்நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் குவிண்டால் கணக்கு, எல்லாம் கால்குலேட்டர். எனக்கு வாய்த்த நல்லூழ், ஒரு மண்டியில் வெகுகாலம் கணக்கு எழுதி ஓய்ந்த, எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், வாசல் பெஞ்சில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். தம் தந்தையிடம் எண்சுவடி பாடம் கேட்டவராம். சோதித்துப் பார்க்கும் ஆசிரியப் புத்தி என்னை விடவில்லை. பதினாலாயிரத்து நானூறு ரூபாய்க்கு நூற்றுக்கு ஆறேகால் வீதம் எவ்வளவு என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் "தொள்ளாயிரம்" என்றார். எப்படி என்றதற்கு, "நூத்துக்கு ஆறேகாலுன்னா மாகாணியுங்க. பாதி, அதுல பாதி, அதுல பாதி, அதுல பாதி. அதைய ஏனுங்க எழுதிப் பாக்கோணும்?" என்றார்.

7,200, 3,600, 1,800, 900. பதினாறில் ஒரு பங்கை எடுக்க நான்கு முறை பாதியாக்கினால் போதும். இதைவிட என்னைக் கட்டிப்போட்டது அவர் அடுத்துச் சொன்னதுதான். மாகாணி என்ற பெயரே ஒரு கூட்டல் கணக்கு. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதே தொகைக்கு மா 720, காணி 180, கூட்டினால் 900. பெரியவர் இதையும் வாய்க்கணக்காகச் சரிபார்த்துக் காட்டினார். எங்கள் ஊரில் வேலிக்கு இருபதில் ஒரு பங்கான நிலத்தையும் மா என்றே சொல்கிறோம். அறுபது ஆண்டுகளாக அந்தச் சொல்லைப் புழங்கியும் அது ஒரு பின்னத்தின் பெயர் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அறையில் உட்கார்ந்து இதை எழுதும்போதுதான் அந்த அமைப்பின் கட்டுக்கோப்பு தெரிகிறது. தமிழ்ப் பின்னங்களில் இரண்டு வரிசைகள் ஓடுகின்றன. ஒன்று பாதியாக்கிக்கொண்டே போவது: அரை, கால், அரைக்கால், மாகாணி. மற்றொன்று இருபதில் ஒன்றின் மடங்குகள்: ஒருமா, இருமா, மும்மா, நான்மா. கயிற்றையும் குவியலையும் பாதியாக்குவது கைக்கு எளிது. விரல்விட்டு எண்ணுகிறவனுக்கு ஐந்தும் இருபதும் எளிது. இரண்டு வரிசைகளையும் ஒரே கணக்கில் எழுத வேண்டுமானால் பதினாறுக்கும் இருபதுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு வேண்டும். அது எண்பது. அதுவே காணி. காணியில் கால் முந்திரி, அதாவது 320இல் ஒன்று. அதன் கீழே கீழ்முந்திரி, முந்திரியை மீண்டும் 320ஆகப் பிரித்தது, 1,02,400இல் ஒன்று. நான் கரும்பலகையில் மீச்சிறு பொது மடங்கு நடத்திய நாட்களில் இந்த எடுத்துக்காட்டு ஒருமுறைகூட என் கைக்கு வந்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு குறையையும் எழுதிவிட வேண்டும். 320இல் மூன்று இல்லை. ஒன்றை மூன்று பேருக்குப் பங்கிடும் கணக்கு முந்திரியில் ஒருபோதும் மிச்சமில்லாமல் அடங்காது. பாபிலோனியர் அறுபதைப் பிடித்துக்கொண்டதால் அவர்களுக்கு மூன்றில் ஒன்று இருபதாக இறங்கிவிடும். நம்மவர்கள் அந்தக் குறையைப் பின்னத்தில் நிரப்பாமல் முகத்தலளவையில் நிரப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி என்று இரட்டித்துக்கொண்டே வந்த அளவை, கலத்தில் மட்டும் மூன்று தூணி என்று திரும்புகிறது. ஒரு கலம் பன்னிரண்டு குறுணி, அதாவது பன்னிரண்டு மரக்கால். களத்துமேட்டில் மூன்று பங்கு போடுகிறவனுக்கு அது போதும்.

இரண்டாம் நாள், செவ்வாய், சென்னிமலை

போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர்பெற்ற ஊர். கைத்தறி ஓசையைக் கேட்டுக்கொண்டே ஒரு தெருவில் நடந்து, அனுமதி கேட்டு ஒரு தறிவீட்டுக்குள் நுழைந்தேன். குழியில் கால்களை இறக்கி மிதியை மிதித்துக்கொண்டிருந்த நெசவாளர், பேச்சுக்காக நாடாவை நிறுத்தவில்லை. நூலைப் பற்றிக் கேட்டால் "இருபதாம் நம்பர்", "நாப்பதாம் நம்பர்" என்றார். எது தடிமன் என்று கேட்டேன். "நம்பர் ஏற ஏற நூலு சன்னமாயிருமுங்க."

எண் கூடக் கூடப் பொருள் குறையும் இந்தத் தலைகீழ்க் கணக்கைப் பள்ளியில் எதிர்விகிதம் என்று நடத்துவோம். பிள்ளைகள் திணறும் பாடம். இங்கே தறிக்குப் பக்கத்தில் வளரும் குழந்தை அதைப் பேச்சோடு பேச்சாகக் கற்றுக்கொள்கிறது. ஆனால் இந்தக் கணக்கு கொங்கு நாட்டில் பிறந்ததன்று. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டாக்கள், அதாவது நூற்கட்டுகள், எத்தனை அடங்குமோ அதுவே நூலின் நம்பர் என்பது இங்கிலாந்துப் பஞ்சாலைகளின் வழக்கம். ஒன்றரைக் கெஜச் சுற்றளவுள்ள சக்கரத்தில் எண்பது சுற்று சுற்றினால் 120 கெஜம், அப்படி ஏழு பங்கு சேர்ந்தால் 840. நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம் கிடைக்கும். பவுண்டும் கெஜமும் நம் கடைகளைவிட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆயிரம் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று நேர்விகிதத்தில் சொல்லும் டெக்ஸ் என்ற அளவை வந்தும் பல காலம் ஆயிற்று. தறிவீட்டில் அந்தச் சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

அச்சுக் கணக்கு இதைவிட நயமானது. பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்புப் போன்ற அச்சில், இரண்டு அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை அச்சின் நம்பராகச் சொல்கிறார்கள். ஏன் ஓர் அங்குலத்துக்குச் சொல்லக்கூடாது என்று கேட்டேன். ஒரு பல்லிடைவெளிக்குள் இரண்டு இழை ஓடுகிறது என்று அவர் இழையைப் பிரித்துக் காட்டினார். இரண்டு அங்குலத்தில் அறுபது பல் என்றால் ஓர் அங்குலத்தில் முப்பது பல், பல்லுக்கு இரண்டு இழை, ஆக அங்குலத்துக்கு அறுபது இழை. அச்சின் நம்பரே இழையின் எண்ணிக்கையாகிவிடுகிறது. செய்ய வேண்டிய பெருக்கலையும் வகுத்தலையும் அளவையின் வரையறைக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டார்கள். இதுவும் ஆங்கிலேய ஆலைகளிலிருந்து வந்த முறைதான். தங்கள் கைக்கு உதவுகிற கணக்கு எங்கிருந்து வந்தாலும் நெசவாளர்கள் அதைத் தங்கள் கணக்காக்கிக்கொள்கிறார்கள். 'நம் முன்னோர் கணிதம்' என்று மார்தட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது சற்று இடைஞ்சலான செய்தி. எனக்கு இடைஞ்சலாக இல்லை.

மூன்றாம் நாள், புதன்

வெயிலில் அலைந்ததால் தலைவலி. அறையைவிட்டு வெளியே போகவில்லை.

படுத்தபடி எண்ணுப்பெயர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. அதற்குள் நூறு எப்படி முன்கூட்டியே நுழைந்தது? எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், அங்கேயும் ஆயிரம் வந்துவிட்டது. ஒன்பதோடு பத்து சேர்ந்தால் தொண்ணூறு ஆகும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புணர்ச்சி விதி சொல்கிறது. வரப்போகும் பெரிய எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணும் பழக்கம் நமக்கு இருந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் இந்தப் பழக்கம் முழு முறையாகவே வளர்ந்திருக்கிறது. அவர்களுக்கு அடிப்படை இருபது. நாற்பத்தைந்து என்பதை, மூன்று இருபதில் பத்துக் குறைய, அதில் ஐந்து குறைய என்று சொல்வார்கள். நமக்குச் சுற்றிவளைப்பதாகத் தோன்றும். தொண்ணூறு என்று நாள்தோறும் சொல்லும் நாம் அதைச் சொல்லலாமா என்பது வேறு.

நான்காம் நாள், வியாழன், கருங்கல்பாளையம்

விடிவதற்குள் மாட்டுச்சந்தைக்குப் போய்விட்டேன். சாணமும் புழுதியும் தேநீரும் கலந்த வாசம். மாட்டின் வயதை ஆண்டில் சொல்கிறவர் யாருமில்லை. வாயைத் திறந்து பார்த்து ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்கிறார்கள். எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது. அதற்குமேல் எண்ணுவதில்லை. நிலைப்பற்கள் இணை இணையாக முளைப்பதால் இந்தக் காலக்கணக்கில் ஒற்றைப்படை எண்ணுக்கு இடமே இல்லை. பிறந்த தேதி யாரிடமும் எழுதிவைக்கப்படாத ஓர் உயிருக்கு, அதன் வாயிலேயே நாட்காட்டி இருக்கிறது.

விலை பேசுவதைப் பார்க்கத்தான் வந்தேன். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம் கையின்மேலும் வாங்குகிறவர் கையின்மேலும் போர்த்துகிறார். துண்டுக்குள் விரல்கள் பேசுகின்றன. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் இருவர் முகமும், அவ்வப்போது ஒரு தலையாட்டலும்தான். எனக்கு வழித்துணையாக வந்தவரின் மாமன் அங்கே தரகர். கேட்டுக்கொண்டதால், ஓய்ந்த நேரத்தில் என் கையைத் தம் துண்டுக்குள் வாங்கி ஒரு பாடம் நடத்தினார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கையை முழுதாகப் பற்றினால் ஐந்து. ஒன்றா, நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பதை விரல் சொல்லாது. "மாட்டப் பாத்தாத் தெரியாதுங்களா?" என்றார். கிழட்டுப் பசுவுக்கு நேரே ஒரு விரலைப் பிடித்தால் வேறு, காங்கேயம் காளைக்கு நேரே அதே விரலைப் பிடித்தால் வேறு.

பாபிலோனியக் களிமண் பலகைகளில் இதே நிலையைக் காணலாம். அங்கே ஓர் ஆப்புக்குறி ஒன்றாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம், 3,600ஆகவும் இருக்கலாம். எது என்பதைக் கணக்கின் பொருளைக்கொண்டு படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் பழைய தமிழ் எண்ணெழுத்து இதற்கு நேர் எதிர். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் வைத்து, இருநூற்று ஐம்பதை ௨௱௫௰ என்று, வாயால் சொல்வதைப் போலவே எழுதியது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. எழுத்துக் கணக்கனுக்கு அந்தத் தெளிவு தேவை, ஏனென்றால் அவன் எழுதியதை நாளை வேறொருவன் படிப்பான். தரகருக்கோ அடுத்தவன் படிக்கக்கூடாது என்பதுதான் தேவை.

திரும்பும் வழியில் ஒரு சிறுவன் இளநீர்க் கடையில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். பிரேசிலின் ரெசிபி நகரில் தெருவில் விற்கும் ஐந்து சிறுவர்களைக் கொண்டு செய்து 1985இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. காய் முப்பத்தைந்து என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஆய்வாளர் கேட்க, மூன்று காய் நூற்றைந்து, இன்னும் மூன்று சேர்ந்தால் இருநூற்றுப் பத்து என்று மூன்று மூன்றாக ஏறிப்போய் 350ஐ அடைந்தான் ஒரு பையன். பத்தால் பெருக்க ஒரு சுன்னம் சேர் என்பது பள்ளியின் வழி. விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரியாகச் செய்தார்கள். முப்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் நான் சிவப்பு மை வைத்திருப்பேன். இளநீர்க்கடைச் சிறுவனிடம் எந்தக் கணக்கும் கேட்கவில்லை. மிச்சத்தைச் சரியாகக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள், வெள்ளி, காங்கேயம் அருகே ஒரு கிராமம்

வெள்ளிக்கிழமை வாசல் என்பதால் கோலம் பெரிதாக இருந்தது. நண்பரின் அத்தை, எழுபது வயதுக்காரர், சாணம் தெளித்த ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கம்பிக்கோலத்தைக் கை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரே கோட்டில் தொடங்கிய இடத்தில் வந்து முடிவதுதான் நல்லது என்பது அவர் கட்சி. நேர்ப்புள்ளியில் ஐந்து வரிசையும் ஆறு பத்தியும் வைத்தால் ஒற்றைக்கம்பியாக முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். நாலுக்கு ஆறு? "அது ரெண்டு கம்பியாப் போயிருமுங்க." ஆறுக்கு ஒன்பது வைத்து இழுத்துப் பார்த்ததில்லையாம். நானே ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து பார்த்தேன். மூன்று கோடுகள் வந்தன.

இதன் விதி சுருக்கமானது. வரிசையின் எண்ணுக்கும் பத்தியின் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கோடுகள். ஐந்துக்கும் ஆறுக்கும் ஒன்று, நாலுக்கும் ஆறுக்கும் இரண்டு, ஆறுக்கும் ஒன்பதுக்கும் மூன்று. அங்கோலாவின் சோக்வே மக்கள் கதை சொல்லும்போது மணலில் புள்ளி குத்தி, விரல் எடுக்காமல் சுற்றி வரையும் சோனா என்னும் ஓவியங்கள் ஏறக்குறைய நம் கம்பிக்கோலங்களே. மொசாம்பிக்கில் பணியாற்றிய பவுலுஸ் கெர்டஸ் அவற்றை ஆராய்ந்து இந்த விதியை எடுத்துக்காட்டினார். நம் கோலங்களைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் பிறரும் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டோடு இணைத்து 1974லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

அத்தைக்குத் தெரிந்தது கணிதமா என்ற கேள்வியை இரவு முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் புள்ளிக் கணக்கு எப்படி முடியும் என்று வரையும் முன்பே சொல்கிறார். அது வெறும் கைப்பழக்கம் ஆகாது. ஆனால் வரைந்து பழகாத ஆறு ஒன்பதுக்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. இழுத்துப் பார்க்காத எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே சொல்லில் விடை சொல்ல ஒரு நிறுவல் வேண்டும். அந்த இடத்தில்தான் தாம்ப்ரோசியோவின் கட்சிக்காரர்களோடு நான் ஒரு முழம் விலகி நிற்கிறேன். அத்தையிடம் இருப்பது கணிதத்தின் பாதி, அதுவும் முதல் பாதி. அந்தப் பாதி இல்லாமல் நிறுவலுக்குக் கேள்வியே பிறந்திருக்காது. காலையில் அவரிடம் விதியைச் சொன்னேன். பொது வகுத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ரெண்டையும் எது மிச்சமில்லாம அளக்குதோ அதுங்களா?" என்றார். அதேதான். என் வகுப்பில் இவ்வளவு நன்றாக ஒருவரும் வரையறை சொன்னதில்லை.

ஆறாம் நாள், சனி, பவானி முதல் காலிங்கராயன் கரையோரம்

கடைசி நாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்காலின் கரையில் சிறிது தூரம் நடந்தேன். பவானியில் ஆற்றை மறித்த அணைக்கட்டில் தொடங்கி நொய்யல்வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுகிறது. நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய அதில் பாதிதான் வரும். வாய்க்கால் எந்த வழியில் போக வேண்டும் என்பதை ஒரு பாம்பு ஊர்ந்து காட்டியது என்பது ஊர்க்கதை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வளைந்து வளைந்து போகும் காரணத்தை அந்தக் கதை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. நேராக வெட்டினால் தண்ணீர் வேகமாக இறங்கி மட்டத்தை இழந்துவிடும், மேட்டு வயல் காய்ந்துவிடும். மேட்டோரமாகவே மட்டம் கெடாமல் ஊர்ந்து போனால்தான் கீழே உள்ள நிலத்துக்கெல்லாம் மடை திறக்கலாம். வரைபடத்தில் சமவுயரக் கோடு என்று பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டுவதை இவர்கள் பாம்பின் தடம் என்று சொல்லிவைத்தார்கள்.

மாலையில் ஒரு சிறு சந்தையில் நிலக்கடலை வாங்கினேன். படியால் அளந்து கொடுத்த அம்மா, முதல் படியை ஒன்று என்று சொல்லவில்லை. "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினார். எங்கள் களத்துமேட்டிலும் அப்படித்தான். வேலியும் மாவும் இந்தப் பக்கம் வராவிட்டாலும் லாபம் வந்திருக்கிறது. நாலு படி அரைக் குறுணி அல்லவா என்றேன். குறுணி என்ற சொல்லை அவர் கேட்டதில்லை, "இங்கெல்லாம் வள்ளமுங்க" என்றார். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு குவியலிலிருந்து ஒரு கை அள்ளிப் பைக்குள் போட்டார். எதற்கு என்று கேட்டேன். "கொசுறுங்க, அதுக்கேது கணக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு அளக்கத் தொடங்கினார். "லாபம்..."